விண்கல் கத்தியில் ஒரு கோடு

கீறல்தான், வேறொன்றும் இல்லை என்று வடிவு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்தக் காலையில் இது எத்தனையாவது தடவை என்று அவளுக்கே தெரியாது. நூற்றியெண்பதாம் நம்பர் எமரித் தாள் போட்ட கீறல். அதைவிட நைசான இருநூற்றி இருபதில் போயிருக்க வேண்டும், போகவில்லை. அதனால் நானூறுக்குப் போகாமல் மறுபடி நூற்றியெண்பதுக்கே வந்து, தாளை மரக்கட்டையில் சுற்றி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பிடிப்பக்கத்திலிருந்து நுனி வரைக்கும் ஒரே இழுப்பு, தூக்கி, மறுபடி பிடிப்பக்கத்திலிருந்து. துணியால் துடைத்தால் கத்தி முழுக்கச் சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருக்கிறது, அந்த ஓர் இடத்தைத் தவிர. பிடியிலிருந்து இரண்டு விரல் தள்ளி, வெட்டும் விளிம்புக்கு ஒரு நகம் மேலே, மயிர் மாதிரி ஒரு கறுப்பு. மயிர்தானோ என்று விரலால் தள்ளிக்கூடப் பார்த்துவிட்டாள். எட்டரைக்கு உட்கார்ந்தவள், இப்போது ஒன்பதே கால், பதினொரு மணிக்குச் சுலோச்சனா சிஸ்டர் வந்துவிடுவார், பதினொன்று என்று சொன்னால் பத்தரைக்கே வருகிற ஆள், முப்பத்தைந்து வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் டூட்டி பார்த்து ஓய்வு பெற்றவர், கடிகாரத்தை இன்னும் நெஞ்சில் குத்திக்கொண்டிருப்பவர் மாதிரியே நடப்பார். வந்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கே காட்டு பார்க்கலாம் என்று கையை நீட்டுவார். நீட்டினால் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவர் கண்ணாடியை எடுத்து மாட்டுவார். எமரித் தாள் கிழிந்தது. புதுசு எடுத்தாள். பக்கத்து லேத் பட்டறையில் ரேடியோவை யாரோ சத்தமாக வைத்தார்கள், அதை அணைத்துத் தொலைக்கக் கூடாதா. மின்விசிறி போட்டால் இரும்புத் தூள் பறக்கிறது, போடாவிட்டால் தகரக் கூரை மூளையை வேகவைக்கிறது. இழுப்பு, தூக்கு, இழுப்பு. கீறல்தான்.

யார் இந்தக் கல்லைக் கொண்டுவரச் சொன்னது. அதுதான் முதல் கேள்வி. சிஸ்டரின் ஒரே மகன் நிரஞ்சன், சுவீடனில் வடகோடியில் ஏதோ இரும்புச் சுரங்கத்தில் இன்ஜினியர், அந்த ஊர்ப் பெண் மாலினைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். மாலினின் அப்பா, அதாவது சிஸ்டரின் சம்பந்தி, கோடைகாலத்தில் காட்டில் கருவியை வைத்துக்கொண்டு நடந்து தரைக்கடியில் கிடக்கும் விண்கல் இரும்பைத் தோண்டி எடுக்கிறவராம். அவர் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு துண்டு அனுப்பினார். முக்கால் கிலோ. துரு பிடித்த கருணைக்கிழங்கு மாதிரி இருந்தது. "அவங்க கொடுத்த பாத்திரத்தை நாம வெறுமனே திருப்பிக் கொடுப்பமா? அதான் இதுலயே ஒரு கத்தி பண்ணி எடுத்துட்டுப் போலாம்னு இருக்கேன். மருமக நல்லா சமைக்குமாம்" என்று சிஸ்டர் அன்றைக்கு இந்த மேஜையில் அதை வைத்தார். அதோடு நிறுத்தவில்லை, நியாயமான ஒரு வழியும் சொன்னார். "இதை மெல்லிசா வெட்டிப் பிடியில பதிச்சிட்டாப் போதாதா அம்மிணி?" போதும். தாராளமாகப் போதும். உலகத்தில் பாதிப்பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஏனென்றால் இந்த இரும்பு எங்கோ வானத்தில் ஆயிரம் வருஷத்துக்கு ஒரு டிகிரி இரண்டு டிகிரி என்று ஆறியது, அந்த ஆறலில் அதற்குள் பட்டை பட்டையாக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு படிகம் வளர்ந்திருக்கும், பூமியில் எந்த உலையிலும் அதைச் செய்ய முடியாது, மஞ்சள் சூட்டுக்குப் போனால் கொஞ்ச நேரத்தில் அத்தனையும் அழிந்துவிடும். உலோகவியல் டிப்ளமோ படித்தவளுக்கு, பம்பு ஃபவுண்டரியின் பரிசோதனைக் கூடத்தில் பதினேழு வருஷம் உட்கார்ந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னாள், "அதெல்லாம் நகைக்கடை வேலைங்க சிஸ்டர். நான் கத்தி செய்யறவ. இதை உருக்கோட சேர்த்து அடிச்சு, அலகே இதுலதான்னு ஆக்கித் தர்றேன்." பெங்களூரில் ஒருத்தன் அப்படிச் செய்து படம் போட்டிருந்தான், அதற்கு நாலாயிரம் பேர் கைதட்டியிருந்தார்கள். அவன் எத்தனை கல்லைக் கெடுத்துவிட்டு அந்தப் படத்தைப் போட்டானோ. சொல்வானா. எவனும் சொல்ல மாட்டான்.

முதல் தடவை உதிர்ந்தது. அதற்கு வேறு வார்த்தையே கிடையாது. மூன்றில் ஒரு பங்கை அறுத்து எடுத்து, உலையில் வைத்து, மஞ்சளாக வந்ததும் பட்டடையில் வைத்து முதல் அடி அடித்தாள், நன்றாகத்தான் நசுங்கியது, இரண்டாவது அடியில் ஓரம் பிளந்தது, மூன்றாவது அடியில் நமத்துப்போன பொரிவிளங்காய் உருண்டை மாதிரி பொடிப்பொடியாகத் தரையில் சிதறியது. கந்தகம். உள்ளே எங்கெங்கோ கந்தகம் முடிச்சு முடிச்சாக உட்கார்ந்திருக்கும், சூட்டில் அது இளகி இரும்பைப் பிரித்துவிடும். அதுவும் தெரிந்ததுதான். இரண்டாவது தடவை புத்தியாக மெல்லிய பலகைகளாக அறுத்து, பேரிங் உருக்குக்கு இரண்டு பக்கமும் வைத்து, வெண்காரம் தூவி, சுற்றிலும் வெல்டிங் போட்டு மூடி, மெதுவாக, மெதுவாக ஒட்டவைத்தாள். ஒட்டியது. அன்றைக்கு மதியம் சாப்பிடக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம். வியாழக்கிழமை விமானம் என்று சிஸ்டர் சொல்லியிருந்த கெடு தலைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்ததால், அடித்த அயர்வு தீர அந்த இரும்பை ஒரு ராத்திரி மெல்ல ஆறவிட வேண்டியிருந்தும் விடாமல், அன்று சாயங்காலமே சூடேற்றி எண்ணெயில் முக்கினாள். எண்ணெய்க்குள்ளேயே டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். எடுத்துப் பார்த்தால் பலகை வாழைப்பூ மடல் மாதிரி விரிந்திருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு வழக்கம்போலப் போன். எப்படிப் போகுது வடிவு? நல்லாப் போகுதுங்க சிஸ்டர். அந்த வார்த்தை எப்படி வாயிலிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஒரு நாள் சொல்லிவிட்டால் மறுநாளும் அதையே சொல்ல வேண்டியிருக்கிறது. அவரும் விடுவதில்லை, எட்டு மணி ஆனால் போன், ஒரு நாள் மறந்து தொலைக்கக் கூடாதா, உடம்பு சரியில்லாமல் போகக் கூடாதா, சே, என்ன நினைப்பு இது. நல்லாப் போகுதுங்க. கலர் நல்லா வருதுங்க. மூன்று வாரம். இப்போது இது மூன்றாவது. கல்லில் மிச்சம் இருப்பது ஒரு பிஸ்கட் அளவு பலகை ஒன்று, அதை வைத்து இன்னொரு கத்தி அடிக்க முடியாது. இது போனால் போனதுதான். இழுப்பு, தூக்கு, இழுப்பு.

துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுக் கத்தியை வெளிச்சத்தில் வைத்தாள். சுத்தமாக இருந்தது, கோடே இல்லை. ஒரு மூச்சு முழுசாக விட்டாள். டீ வரவழைக்கலாமா என்று நினைத்தாள். பிறகு பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதே இடத்தில், ஈரம் ஒரு நூலாக மெல்லக் கசிந்து மேலே வந்தது. எண்ணெய். கீறலுக்குள் எண்ணெய் போய் ஒளிந்துகொள்ளாது. வெடிப்புக்குள்தான் போகும். போய், துடைத்த பிறகு திரும்பி வரும். இதை அவள் பதினேழு வருஷத்தில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாள். பம்பு உறைகளில், தண்டுகளில், விரல் நகத்தில் பாதி நீளம் வெடிப்பு இருந்தாலும் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுத் தள்ளிவிடுவாள். "சின்னதுதானேம்மா, தேய்ச்சாப் போயிரும்" என்று புரொடக்‌ஷன் ஆட்கள் வந்து கெஞ்சுவார்கள். தேய்ச்சா உங்க கண்ணுலேர்ந்து போகும், இரும்பை விட்டுப் போகாது என்பாள். அப்போது எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பேச்சு. மற்றவன் வார்த்த இரும்பு. இப்போது அவளே ஒன்றே முக்கால் மணி நேரமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அலமாரியில் இரண்டு டப்பா நிற்கிறது, ஒன்றில் சிவப்புச் சாயம், இன்னொன்றில் வெள்ளைப் பொடி. அடித்துப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். காலையிலிருந்து அந்தப் பக்கம் திரும்பாமலே இருந்தாள். தெரியாத வரைக்கும் அது கீறல். ஆனால் மருமகள் கை. பார்த்தே இராத ஒரு பெண், எங்கோ பனிக்குள் ஒரு சமையலறையில், கெட்டியான எதையோ வெட்ட முழு பலத்தையும் இந்தக் கத்தி மேல் சாய்ப்பாள். கத்தி அந்தக் கோட்டில் பிரியும். உள்ளங்கையில் ஏறும். சிஸ்டருக்குக் காயம் தெரியும், எத்தனை தையல் என்று பார்த்த உடனே சொல்வார். வடிவு எழுந்தாள். எரிச்சலோடுதான் எழுந்தாள், நாற்காலி பின்னால் விழுந்தது, எடுக்கவில்லை. கத்தியைத் தின்னரில் கழுவி, சிவப்பை அடித்து, காத்திருந்து, துடைத்து, வெள்ளையைத் தூவினாள். வெள்ளை காய்ந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சிவப்பு வந்தது. கண்ணுக்குத் தெரிந்த அளவு மட்டும் வரவில்லை, பிடிக்குள் போகிற இடத்திலிருந்து கத்தியின் பாதிவரை, கை நடுங்காமல் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக வந்தது. பலகையும் உருக்கும் அங்கே ஒட்டவே இல்லை.

"என்ன அம்மிணி, ரத்தமா அது?"

சிஸ்டர் வாசலில் நின்றிருந்தார். பத்து இருபத்தைந்துதான் ஆகியிருந்தது. வடிவு கத்தியை மறைக்கப் பார்த்தாள், கைக்குக் கிடைத்தது சின்னத் துணி, மறைக்க முடியவில்லை. விட்டுவிட்டாள்.

"ரத்தம் இல்லைங்க சிஸ்டர். சாயம்."

"எதுக்கு?"

"வெடிப்பு இருந்தாக் காட்டிக் கொடுக்கும்."

சிஸ்டர் விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கத்தியைத் தொடாமல் குனிந்து பார்த்தார். "காட்டிக் கொடுத்திருக்குது போல" என்றார்.

"உள்ள ஒட்டலைங்க. இன்னைக்கு வெட்டும், நாளைக்கு வெட்டும். என்னைக்காவது கெட்டியா எதையாவது வெட்டும்போது பிரியும். கையில ஏறிரும். இதை நான் கொடுக்க மாட்டேன்."

"வேற ஒண்ணு பண்ண முடியுமா?"

பதில் சொல்வதற்குப் பதிலாக வடிவு மேஜைக்கடியிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துக் கவிழ்த்தாள். உதிர்ந்த முதல் துண்டின் பொடி, விரிந்து போன இரண்டாவது கத்தி, மிச்சம் இருக்கும் ஒரே பலகை. எது எது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள், என்றைக்கு நடந்தது என்றும் சொன்னாள். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை.

சிஸ்டர் தேதிகளை மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "நான் தினமும் போன் பண்ணினேன்."

"பண்ணினீங்க."

"நல்லாப் போகுதுன்னு சொன்னீங்க."

இத்தனை நாள் நீ, வா, போ என்று பேசியவர் நீங்களுக்கு மாறிவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று வடிவுக்கு இருந்தது. "சொன்னேங்க" என்றாள்.

"ஐசியு வாசல்ல காத்துட்டிருக்கறவங்ககிட்ட, நல்லாத்தான் இருக்கார்னு சொல்லிட்டு வேகமா உள்ள போயிருவாங்க சில டாக்டருங்க. அப்புறம் அவங்களுக்கு விஷயத்தைச் சொல்றது எங்க வேலையாயிரும். எனக்கு அவங்களைக் கண்டாலே ஆகாது." குரல் உயரவே இல்லை. "கல்லு போனாப் போகுது. கல்லுதானே."

 வடிவு மிச்சமிருந்த பலகையை எடுத்து, ஆசிட் ஊற்றிய கண்ணாடித் தட்டில் போட்டாள். ஏன் செய்தாள் என்று அவளுக்குத் தெரியாது, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. "இதுக்கு மேல இதுக்கு நெருப்பு காட்ட மாட்டேன். வெறும் உருக்குல நல்ல கத்தி ஒண்ணு பண்றேன். இதை ரெண்டா வெட்டிப் பிடியில ரெண்டு பக்கமும் பதிக்கிறேன்."

"அதைத்தானே நான் முதல் நாளே கேட்டேன்?"

"ஆமாங்க. நான்தான் பெருசாப் பேசினேன்."

தட்டில் பலகை மங்கியது. சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து முதலில் ஒரு பட்டை, அதன் குறுக்கே இன்னொன்று, பிறகு எல்லாப் பக்கமிருந்தும், வெளுப்பும் கறுப்புமாக, தடுக்குப் பின்னல் மாதிரி எழுந்து வந்தன. வடிவு இடுக்கியால் எடுத்து, தண்ணீரில் அலசி, துடைத்து நீட்டினாள். சிஸ்டர் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எக்ஸ்ரே படத்தைப் பார்க்கிற மாதிரியே கையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இதெல்லாம் உள்ளயேதான் இருந்துச்சா?" என்றார். குரலில் கோபம் கொஞ்சம் இளகியிருந்தது. வடிவு அதைப் பற்றிக்கொண்டு அவசரமாகக் கணக்குப் போட ஆரம்பித்தாள். இன்றைக்கு வெள்ளி, உருக்கு கைவசம் இருக்கிறது, நாளைக்கே அடித்துவிடலாம், ஞாயிறு முழுக்க அரைக்கலாம், பிடி ஒட்டினால் ஒரு நாள் காய வேண்டும், "வியாழக்கிழமை காலையில பிளைட்டுன்னா புதன் சாயங்காலம் நானே வீட்டுக்குக் கொண்டு வந்து…"

"வியாழக்கிழமை இல்லை" என்றார் சிஸ்டர், பலகையைப் பார்த்தபடியே.

"வெள்ளிக்கிழமைங்களா?"

"டிக்கெட்டே இன்னும் போடலை அம்மிணி."

வடிவுக்கு முதலில் விளங்கவில்லை. சிஸ்டர்தான் மெதுவாகச் சொன்னார். விசா வந்து ஒரு மாசமாகிறது. கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், வேற நாட்டுப் பொண்ணு, நீயே பண்ணிக்கோ, எனக்கு லீவு இல்லைன்னு சொல்லிட்டேன், லீவு இருந்துச்சு என்றார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு போன், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அவ்வளவுதான். அந்தச் சம்பந்தி மட்டும் முன்பின் பார்க்காதவளுக்குக் கல்லை அனுப்பி வைத்தார். கத்தி கைக்கு வந்துட்டாப் போயிரலாம்னு இருந்தேன். நாள் ஒண்ணு வெச்சுக்கிட்டாத்தானே தைரியம் வரும், அதான் வியாழக்கிழமைன்னு உன்கிட்டச் சொன்னேன். நிரஞ்சன்கிட்ட ஒண்ணும் சொல்லலை.

வடிவுக்குள் என்னென்னவோ ஒரே நேரத்தில் கொதித்து வந்தது. இல்லாத ஒரு வியாழக்கிழமைக்காக அவள் இரண்டாவது கத்தியை அவசரமாக எண்ணெயில் முக்கினாள். ஒரு ராத்திரி ஆறவிட்டிருந்தால் அது பிழைத்திருக்கும், நிச்சயம் என்று சொல்ல முடியாது, ஆனால் பிழைத்திருக்கலாம். இல்லாத ஒரு வியாழக்கிழமைக்காக மூன்று வாரம் சோறு இறங்காமல், எட்டு மணி ஆனால் போனைப் பார்த்துப் பயந்து, பதினேழு வருஷம் யாரிடமும் சொல்லாத பொய்யைத் தினமும் சொல்லி. இவரும் தினமும் எட்டு மணிக்கு அதே போனில் அந்தப் பக்கம் உட்கார்ந்து பொய்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கத்தியைப் பற்றிக் கேட்டாரா, இல்லை, நல்லாப் போகுதுங்க என்று யாராவது ஒருத்தர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று போன் பண்ணினாரா. எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாளை உலுக்க வேண்டும்போல் இருந்தது. கெடு இல்லாவிட்டால் நானும் ஒழுங்காகச் செய்திருப்பேனே என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கெடு இல்லாவிட்டாலும் இந்தக் கல்லை நெருப்பில் போட்டது அவள்தான், அது யார் பொய்யாலும் நடக்கவில்லை, அதுவும் தெரிந்தது, அது தெரிந்ததால் எரிச்சல் இன்னும் கூடியது. குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். சிவப்பு போகவில்லை. அந்தக் கையோடேயே தன் போனை எடுத்துக்கொண்டு வந்து சிஸ்டருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கார்டு இருக்குதுங்களா பையில?"

"எதுக்கு?"

"டிக்கெட் போடறதுக்கு. கத்தி புதன்கிழமை ரெடியாயிரும். நீங்க நாளைக்கு, நாளன்னைக்குன்னு இழுத்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும். எந்த ஊரு?"

சிஸ்டர் மறுப்பார் என்று நினைத்தாள். மறுக்கவில்லை. பையிலிருந்து பாஸ்போர்ட்டும் கார்டும் ஒரே உறையிலிருந்து வந்தன. எத்தனை நாளாக அந்தப் பையில் கூடவே சுற்றிக்கொண்டிருந்தனவோ. "கிருனா" என்றார். ஸ்டாக்ஹோம் வரைக்கும் ஒன்று, அங்கிருந்து இன்னொன்று. திரும்பி வருகிற தேதி கேட்டது. அதற்குத்தான் கொஞ்ச நேரம் ஆனது, ஒரு மாசம் போடு என்றார், வேண்டாம் இருபது நாள், இல்லை, ஒரு மாசமே போடு. வடிவு விரல் சாயத்தோடு கார்டு எண்ணை அடித்தாள். கடைசிப் பக்கம் வந்தது. "ஓடிபி வந்திருக்கும் பாருங்க."

சிஸ்டர் தன் போனைத் திருப்பிப் பார்த்தார். "எனக்கு வராது" என்றார், அப்போதுதான் நினைவு வந்தவர் போல. "பேங்குல அவன் நம்பரைத்தான் கொடுத்து வெச்சிருக்கான். இங்கிருக்கறப்ப கரண்ட் பில்லெல்லாம் அவன்தான் கட்டுவான்."

வடிவு கண்ணை மூடித் திறந்தாள். திரையில் மூன்று நிமிஷம் என்று காட்டி ஓட ஆரம்பித்திருந்தது. அங்கே காலை ஏழரை இருக்கும், கூப்பிடுங்க என்று சொல்ல வாயெடுத்தபோதே சிஸ்டரின் போன் அடித்தது. ஸ்பீக்கரை அழுத்தத் தெரியாமல் அழுத்தி, மேஜையில், வெள்ளைப் பொடி பூத்த கத்திக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அம்மா, யாரோ உங்க கார்டுல டிக்கெட் போடறாங்க. எவனோ ஏமாத்தறான். யார் கேட்டாலும் ஒண்ணும் சொல்லிராதீங்க, நான் உடனே பேங்குக்கு…"

"நிரஞ்சா" என்றார் சிஸ்டர்.

"கார்டு கையில இருக்குதா, தொலைஞ்சு போச்சா?"

"கையிலதான் இருக்குது. டிக்கெட்டு நான்தான் போடறேன். உங்க ஊருக்கு."

போனுக்குள் எங்கோ ஒரு கெட்டில் கொதித்து அணைந்தது. ஒரு பெண் குரல் அந்த ஊர் மொழியில் என்னவோ கேட்டது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒன்று வந்தது. சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். திரையில் ஐம்பது வினாடி. நாற்பத்தைந்து. வடிவு இரண்டு பேரையும் ஒரு தடவை பொறுத்துப் பார்த்தாள், அதற்கு மேல் அவளால் முடியவில்லை, போன் பக்கம் குனிந்தாள்.

"தம்பி, நான் கத்தி செய்யறவங்க பேசறேன். அழுகறதை அப்புறம் அழுதுக்கலாம். டைம் போயிட்டிருக்குது, நம்பரைச் சொல்லுங்க."

"எட்டு" என்றது போன். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி, "எட்டு. ரெண்டு. ரெண்டு…"